தெற்கத்திக் கிறிஸ்துமஸ் பலகாரம்: அன்றும் இன்றும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி என்று தெற்கே எந்த ஊருக்கு டிசம்பரில் போனாலும் பேக்கரி வாசலில் கண்ணாடித்தாள் சுற்றிய பிளம் கேக் அடுக்கியிருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டால் பண்டிகைக்கு இனிப்பு ஆயிற்று. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊர்களின் கிறிஸ்தவ வீடுகளில் நிலைமை வேறு. முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சு முறுக்கு, சோவி, கைமுறுக்கு என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே சுட்டு எடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு அடுப்புக்கு ஓய்வு கிடையாது.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் என்னென்ன மாறின என்பதை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. புகையிலும் எண்ணெய்ச் சூட்டிலும் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாற்றத்தால் வந்த நன்மைகள் அதிகம். அதோடு கூடவே போன ஒன்றை மட்டும் நாம் போகவிட்டிருக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

எண்ணெய்ச் சட்டியே ஓவன்

தென்மாவட்டங்களில் சீர்திருத்தச் சபைகளின் கதை 200 ஆண்டுகளைத் தாண்டியது. 1799இல் கிறிஸ்தவர்களுக்கான ஊராக முதலூர் உருவானது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அதற்கும் முன்னால், 1530களிலேயே முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்தார்கள். வழிபாடு மாறினாலும் அடுக்களை மாறவில்லை. ஊரில் எல்லாரும் விசேஷத்துக்குச் செய்த அதிரசமும் முறுக்கும்தான் கிறிஸ்துமஸுக்கும் பலகாரம்.

கேக் அப்போது வெள்ளைக்காரர்களின் பண்டம். தலச்சேரியில் 1880இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கிய மம்பள்ளி பாப்பு, 1883இல் முர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளிக்காகச் சுட்டதைத்தான் இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். அது பேக்கரிக்காரர் ஒருவரால் முடிந்த காரியம். வீடுகளில் முடியாததற்குக் காரணம் அடுப்பு. நம் அடுப்பில் தீ கீழேயிருந்து மட்டும்தான் வரும். கேக்குக்கு நாலாபக்கமும் சூடு வேண்டும். அந்தச் சூடு 170, 180 டிகிரி செல்சியஸில் ஏறாமல் இறங்காமல் நிற்கவும் வேண்டும். விறகடுப்பை வைத்துக்கொண்டு அந்தச் சூட்டைத் தந்தது காய்ந்த எண்ணெய் ஒன்றுதான். போட்ட பண்டத்தை எல்லாப் பக்கமும் சூழ்ந்து, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றி, மேலே மொறுமொறுப்பாக்கிவிடும். ஈரம் போய்விடுவதால் பண்டம் இரண்டு மூன்று வாரம் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் டிசம்பர் நடுவில் சுட்டதைப் புத்தாண்டு தாண்டியும் தின்ன முடிந்தது இதனால்தான்.

கொத்தும் அச்சும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் விசேஷம் இல்லை. சிறுபயறை மணம் வரும்வரை வறுத்து, கொஞ்சம் கொரகொரப்பாகத் திரிப்பார்கள். துருவிய தேங்காயைப் பொன்னிறமாக வறுத்துச் சேர்ப்பார்கள். எள், ஏலம், சுக்கு எல்லாம் சேரும். கருப்பட்டியையோ வெல்லத்தையோ பாகு காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிக் கிளறுவார்கள். ஆறிவிட்டால் உருட்ட வராது. அதனால் சூடு தாங்கும் கைகள் நாலைந்தாவது ஒரே நேரத்தில் வேண்டும். நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஓர் இரவு இறுகவிட்டு, மறுநாள் மஞ்சள்பொடி கலந்த அரிசிமாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கித் தேங்காய் எண்ணெயில் விடுவார்கள். மூன்றும் ஒட்டிக்கொண்டு கொத்தாக மேலே வரும். கரைசல் தண்ணீராக இருந்தால் உறை பிளந்து, உள்ளே இருக்கும் பயறு எண்ணெயில் கலந்து நுரைத்துப் பொங்கும். அந்த எண்ணெய் பிறகு எதற்கும் உதவாது. யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரமும் ஏறத்தாழ இதே பண்டம்தான். கடலுக்கு இரு கரையிலும் ஒரே கைப்பழக்கம்.

அச்சு முறுக்குக்கு வேறு கணக்கு. அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி கலந்த மாவு தோசைமாவு பக்குவத்தில் இருக்க வேண்டும். பூப் போன்ற இரும்பு அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பிறகு மாவில் முக்கால் பங்குதான் முக்கலாம். விளிம்பு வரை முங்கிவிட்டால் மாவு மேலே ஏறி அச்சைக் கவ்விக்கொள்ளும், கழன்று வராது. சரியாக முக்கிய அச்சை எண்ணெய்க்குள் பிடித்தால் ‘சுர்’ரென்று சத்தம் வரும். சில நொடி பொறுத்து மெல்ல உதறினால் பூ கழன்று தனியே மிதக்கும். அச்சில் சூடு குறைந்தால் மாவு பிடிக்காது, கூடினால் தொட்டவுடன் வெந்து உதிர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அச்சைச் சூடாக்கி, முக்கி, உதறி என்று நூறு முறுக்கு எடுக்கும்போது பிடித்த கைக்குத் தாளம் தானாக வந்துவிடும்.

இவற்றைச் செய்யத் தனியாள் போதாது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை மூத்த மைனி வீட்டில் என்றால் செவ்வாய்க்கிழமை சித்தி வீட்டில். தெருவில் பாகு பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர் வந்து நின்றால்தான் அதிரசத்துக்குப் பாகு இறங்கும். சிறுவர்களுக்குச் சோவி உருட்டும் வேலை. மைதா உருண்டையைச் சீப்பின் பற்களில் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகக் குட்டிச் சங்குபோல் வரும். பொரித்துச் சீனிப்பாகில் பிரட்டி ஓலைப்பெட்டியில் போட்டு மூடுவார்கள். பெட்டிக்கும் சிறுவர்களுக்கும் நடுவே காவலுக்கு ஆச்சி உட்கார்ந்திருப்பார்.

பாகு காய்ச்சுமிடத்தில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

“ஆச்சி, எறக்கலாமா?”

“கிண்ணத் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருட்டி.”

“கரையுது ஆச்சி.”

“அப்ப கொஞ்சம் பொறு. வெரலுக்குள்ள உருண்டு நிக்கணும். நின்னா சொல்லு, நானும் தொட்டுப் பாக்கேன்.”

அந்தச் சிறுமி அன்று கற்றது ஒரு செய்முறை மட்டுமல்ல. எப்போது பொறுக்க வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை விரல் வழியாகக் கற்றாள்.

தட்டு போன வழி

பலகாரம் வீட்டாருக்கு மட்டும் சுட்டதல்ல. கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வந்ததும் எவர்சில்வர் தட்டுகளில் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு அடுக்கி, மேலே ஒரு துணி போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு, வாத்தியார் வீடு, துணி வெளுப்பவர் வீடு என்று தெரு முழுக்கப் போகும். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கம் இல்லை. ஒரு பிடி சீனியோ இரண்டு வாழைப்பழமோ அதில் இருக்கும். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கும் ரம்ஜானுக்கு இங்கிருந்து எதிர்பார்ப்பும் என்று ஆண்டு முழுக்க அந்தக் கணக்கு ஓடும். தலைக் கிறிஸ்துமஸ் என்றால் பெண் வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் பெட்டி நிறையப் பலகாரம் போகும். அங்கே எத்தனை கொத்து உடைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கும் ஆள் இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. இத்தனையும் பெண்களின் முதுகில் ஏறிய சுமை. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, சலித்து, விறகுப் புகையில் கண் எரிய நின்று பொரித்தவர்கள் அவர்கள். சாமான் வாங்கிப் போட்டதோடு ஆண்களின் பங்கு முடிந்தது. 24ஆம் தேதி இரவு கடைசி ஈடு எடுத்து, அடுப்பைக் கழுவி, பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்து வைத்து, நள்ளிரவுத் திருப்பலிக்கோ அதிகாலை ஆராதனைக்கோ போய் உட்காரும்போது பல தாய்மார்களுக்குக் கண் சொக்கும். சம்பந்தி வீட்டுக்கு எத்தனை வகை போயிற்று என்பதில் மானம் மரியாதை கலந்திருந்ததால் முடியாதவர்களும் கடன் வாங்கிச் சுட்டார்கள். அந்த நாள்களை எண்ணி ஏங்கும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மணலில் வெந்த கேக்

கேக் வீட்டுக்குள் வந்தது ஒரே நாளில் அல்ல. ஆசைப்பட்டவர்கள் அகலமான பாத்திரத்தில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் கேக் தட்டை வைத்து மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டார்கள். மேலும் கீழும் சூடு கிடைத்தது. ஒருபக்கம் கருகினாலும் வீட்டுக் கேக் என்ற பெருமை இருந்தது. மைதா, சீனி, வெண்ணெய் மூன்றும் சம எடை, அதற்கேற்ற முட்டை என்பதுதான் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்த அளவு. வெண்ணெய்க்கு வழியில்லாத வீடுகளில் 1937இலிருந்து விற்பனையில் இருந்த டால்டா கைகொடுத்தது. சீனியையும் வெண்ணெயையும் கையால் ஒரே பக்கமாகச் சுற்றி நுரைக்க அடிக்கத் தோள் விட்டுப்போகும்.

இன்னொரு வழியும் இருந்தது. மாவை வீட்டில் கலக்கி, தட்டில் ஊற்றி, பெயரெழுதிய துண்டுச்சீட்டை ஒட்டி, விறகு ஓவன் வைத்திருந்த பேக்கரிக்கு எடுத்துப் போனார்கள். ரொட்டி எடுத்து முடித்த ஓவனில் மிஞ்சியிருந்த சூட்டில் பேக்கரிக்காரர் கூலிக்கு வேகவைத்துக் கொடுப்பார். பிறகு மூடியில் கண்ணாடி பதித்த வட்டமான அலுமினிய மின் ஓவன் வந்தது. தெருவுக்கு ஒன்று இருந்தாலே பெரிது. அதுவும் பலகாரத் தட்டைப் போலவே வீடு வீடாகப் போய்வந்தது.

பேக்கரிகளும் தமக்கென்று ஒரு மண்மணம் கண்டன. தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும்தான். போர்த்துக்கீசியர் வழி வந்த பண்டம் என்பது அந்த ஊரார் நம்பிக்கை. பாதாம் இருந்த இடத்தில் நம் ஊர் முந்திரி அமர்ந்துகொண்டது. முதலூர் மஸ்கோத் அல்வாவில் நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலின் எண்ணெயே பிரிந்து நிற்கும். கையில் கிடைத்ததைக் கொண்டு வெளியூர்ப் பண்டத்தைத் தமதாக்கிக்கொள்வதில் தெற்கத்திக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

இன்று

மாற்றம் கருவிகளில் தொடங்கியது. மாவு மில் வந்து உரலை ஓய்வெடுக்க வைத்தது. எரிவாயு அடுப்பு புகையைத் துரத்தியது. 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏழை வீடுகளுக்கும் எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது. இவை பெண்களின் நாளில் எத்தனை மணி நேரத்தை மீட்டுத் தந்தன என்பதை உரல் பிடித்த கைகள்தான் சொல்ல முடியும்.

குடும்பமும் மாறியது. பெண்கள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேலைக்குப் போகிறார்கள். விடுப்பு 24ஆம் தேதிதான் தொடங்குகிறது. சித்தி சென்னையில், மைனி துபாயில், அண்ணன் பெங்களூரில். முறை வைத்துச் சுட மூன்று வீட்டார் ஒரே தெருவில் இல்லை. சர்க்கரை நோய் இல்லாத வீடும் அரிது. எண்ணெயில் பொரித்ததை ஓலைப்பெட்டி நிறைய வைத்திருக்க இப்போது யாருக்கும் துணிவில்லை. கடைகளில் முந்திரிக்கொத்து ஆண்டு முழுக்கக் கிலோ கணக்கில் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டி அனுப்பவும் ஆள் இருக்கிறார்கள்.

கேக்கின் கதை நேர்மாறு. ஓவன் மலிவானது, யூடியூப் வந்தது, 2020 ஊரடங்கில் அடைபட்டிருந்த பிள்ளைகள் கேக் சுடப் பழகினார்கள். மணலும் தணலும் தேவையில்லை. டிஜிட்டல் தராசில் கிராம் பிசகாமல் நிறுத்து, ஓவனில் எண்ணைத் திருகி வைத்தால் போதும். திராட்சையும் பேரீச்சையும் டூட்டி ஃப்ரூட்டியும் ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ நவம்பரிலேயே ஊறத் தொடங்குகின்றன. சீனியைக் கருக்கி வெந்நீர் ஊற்றி நிறம் எடுக்கும் வித்தையைப் பதினான்கு வயதுப் பையன் செய்கிறான். இது சின்ன விஷயமில்லை. எண்ணெய்ச் சட்டிப் பக்கமே வராத ஆண்கள் ஓவன் பக்கம் வந்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய நன்மை, பலகாரம் பெண்களுக்கு வருமானம் ஆனது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்குக்கு ஆர்டர் எடுக்கும் சுய உதவிக் குழுக்களும் உண்டு. காலங்காலமாகக் கூலியில்லாமல் செய்த வேலைக்கு இப்போது விலை இருக்கிறது. தம் கைத்திறனுக்கு ஒரு பெண் காசு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

தட்டு மட்டும் இளைத்துவிட்டது. இப்போது போவது அட்டைப்பெட்டி. அது திரும்பி வராது. அதனால் அதில் சீனி போட்டுத் தரவும் யாருக்கும் வாய்ப்பில்லை. அடுக்குமாடிகளில் எதிர்வீட்டாருக்கு ஒரு பெட்டி, அலுவலகத்துக்கு ஒரு கேக் என்று நிற்கிறது. ஆனாலும் நின்றுபோகவில்லை. பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் கொடுக்காமல் தின்பது நம் மக்களுக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சம் நல்ல கூச்சம்.

கடையில் கிடைக்காதது

அப்படியானால் போனது எது? சுவையில்லை. நல்ல கடைகளில் நல்ல முந்திரிக்கொத்து கிடைக்கிறது. அளவும் போகவில்லை. எந்தப் பலகாரத்துக்கும் செய்முறை கைப்பேசியில் இருக்கிறது. போய்க்கொண்டிருப்பது பதம்.

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறையைப் பார்த்துக் கடையில் பாக்கெட் அரிசிமாவு வாங்கிச் செய்கிறவர்களுக்கு அதிரசம் ஒன்று கல்லாகிறது, இல்லையென்றால் எண்ணெயில் உதிர்கிறது. பாக்கெட் மாவு காய்ந்த மாவு. அதிரசத்துக்கு ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாமலும் முற்றிலும் காயாமலும் இருக்கும்போது அரைத்த ஈரமாவு வேண்டும். அந்த ஈரம்தான் பாகை ஏற்றுக்கொண்டு ஓரிரு நாள் புளித்து மிருதுவாகிறது. பாகுக்கும் எண் உண்டு. தண்ணீரில் உருண்டு நிற்கும் பதம் ஏறத்தாழ 115 டிகிரி. அதற்கென்று வெப்பமானியும் விற்கிறார்கள். வாங்கிப் பயன்படுத்துங்கள், தவறே இல்லை. ஆச்சி சொன்னதை எண்ணாக எழுதி வைப்பது நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.

எண் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும், புதுக் கருப்பட்டிக்கும் பழங்கருப்பட்டிக்கும் ஈரம் வேறு. டிசம்பர் மழையில் உலர்த்திய அரிசியும் வெயிலில் உலர்த்திய அரிசியும் ஒன்றல்ல. இன்றைக்கு மாவு எவ்வளவு பாகு கேட்கிறது என்பதைக் கையை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் காணொளி சொல்லித் தராது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, நாம் தொட்ட இடத்தை அவரும் தொட்டு, “இப்பச் சரி” என்று சொன்னால்தான் விரல் அதை நினைவில் வைக்கும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் தலைமுறையோடு அந்த அறிவு முடிந்துவிட்டால் கடைக்காரரிடம் மட்டும்தான் அது மிஞ்சும். கடைக்காரருக்கு எது இலாபமோ அந்தப் பண்டம் இருக்கும், மற்றவை மறையும். இப்போதே சோவியும் பொரிவிளங்காயும் பல ஊர்களில் பேச்சில் மட்டும்தான் இருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. பழையபடி ஏழு வகை சுட வேண்டாம். ஓலைப்பெட்டி நிரம்ப வேண்டாம். கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்துத் தெருவில் வீட்டில் செய்து விற்கும் பெண்ணிடம் சொல்லி வையுங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் எல்லாரும் சேர்ந்து வீட்டில் செய்யுங்கள். ‘எல்லாரும்’ என்பதில் ஆண்களும் அடக்கம். அம்மா அடுப்படியில் நிற்க, மற்றவர்கள் கூடத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தால் அது பழைய சுமைக்குப் புதுப் பெயர் வைத்ததாகத்தான் ஆகும். அரிசி உலர்த்துவதை மகனும், தேங்காய் துருவுவதை அப்பாவும், பாகை மகளும், பாத்திரம் கழுவுவதை மாமாவும் எடுத்துக்கொள்ளலாம். ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேலையை மட்டும் கொடுங்கள். அவர் சொல்வதை ஒருவர் நோட்டில் எழுதட்டும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் முந்திரிக்கொத்து என்பேன். அரைக்கிலோ சிறுபயறு போதும், நாலு பேர் உருட்டினால் அரைமணி வேலை. அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் உருட்டி வையுங்கள், அடுத்த நாள் பொரித்துக்கொள்ளலாம். முதல் ஈடு எண்ணெயில் பிரிந்தால் பிரியட்டும். எண்ணெயை மாற்றி, கரைசலில் இன்னும் ஒரு பிடி அரிசிமாவு சேர்த்து, இரண்டாவது ஈடு போடுங்கள்.